கிழங்கு மேட்டில் பதின்மூன்று

லுப்ளின், 14 நவம்பர் 1993

தம்பி லுதோமிர்,

இடுப்பில் வைத்த தகடு இன்னும் எலும்போடு சேரவில்லையாம். மார்ச் வரையாவது இந்த மருத்துவமனைக் கட்டில்தான் எனக்கு வீடு. நீயாக விசாரிக்கவில்லை, அதனால் நானே சொல்லிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒலிம்பியா சாவ்சுக் எழுதியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு இருக்கிற அக்கறை கூடப்பிறந்தவனுக்கு இல்லை. "உங்க தம்பி பெரிய குளத்த வடிச்சிட்டாரு ப்ரோன்யா. மூணே நாள்தான், அடிச் சேறு வரைக்கும் தெரியுது" என்கிறாள். நவம்பரில் மூன்றே நாளில் வடித்தாய் என்பதை நான் நம்ப மறுக்கிறேன். ஏனென்றால் நம்பினால் அடுத்த பேருந்தில் ஒற்றைக் காலோடு வந்து உன் காதைத் திருக வேண்டியிருக்கும்.

உனக்குத் தெரியாததா? செப்டம்பர் நடுவில் மதகுப் பலகையை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். மூன்று வாரம் ஆக வேண்டும். தண்ணீர் இறங்க இறங்க ஆமைகள் வாய்க்கால் வழியாகப் பின்னாலுள்ள ஆழக்குட்டைக்குப் போய்விடும். அக்டோபர் பாதிக்குள் இருக்கிற இடத்திலேயே சேற்றில் புதைந்துவிடும். அதன் பிறகு இடியே விழுந்தாலும் ஏப்ரல் வரை நகராது. பத்தொன்பது வருடமாக இப்படித்தான் செய்கிறோம்.

மூன்று கேள்வி. எந்தத் தேதியில் முதல் பலகையைத் தூக்கினாய்? அப்போது நான் ஓட்டில் குறி வெட்டிய பதினான்கும் எங்கே இருந்தன? இப்போது எங்கே இருக்கின்றன?

ப்ரோன்யா


குளத்தங்கரை, 21 நவம்பர்

அக்கா,

முதலில் என் கேள்விக்குப் பதில் சொல். ஒலிம்பியாவுக்கு உன் ஆஸ்பத்திரி முகவரி யார் கொடுத்தது? கட்டில் எண் வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சந்தையில் விசாரித்தபோது "ஏன், தெரிஞ்சா என்ன? ஒங்க அக்காதான் கண்ணு வெச்சுக்கச் சொன்னாங்க" என்று சிரிக்கிறாள். என் மேல் கண் வைக்க ஆள் போட்டுவிட்டுத்தான் நீ ஆஸ்பத்திரிக்கே போயிருக்கிறாய்.

உன் கடித உறையின் பசை ஒரு மூலையில் தூக்கியிருந்தது. தபால்காரன் படித்தானா, அல்லது ஒட்டுவதற்கு முன் வார்டு முழுக்க நீயே படித்துக் காட்டினாயா தெரியவில்லை.

குளத்தை வடித்தது உண்மை. கிறிஸ்துமஸுக்குக் கெண்டை வேண்டும் என்று ஊரே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, வடிக்காமல் மீனை எப்படிப் பிடிப்பது? நவம்பர் மூன்றில் தொடங்கினேன். உன் ஆமைகள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டன. அதற்கு முந்தின நாள், ஆன்மாக்கள் நாளன்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, முதல் பனியில் இரண்டு ஆமைகள் பாதையைக் கடந்து ஆழக்குட்டைப் பக்கம் போவதை இந்தக் கண்ணால் பார்த்தேன். மற்றவையும் அப்படித்தான் போயிருக்கும். நிம்மதியாகப் படுத்துக்கொள்.

லுதோமிர்


லுப்ளின், 27 நவம்பர்

லுதோமிர்,

பொய் சொல்வதென்றால் கொஞ்சம் பொருத்தமாகச் சொல்ல வேண்டாமா? பனியில் ஆமை நடந்ததாம். அதற்குச் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் அதுவும் குளிர்ந்துவிடும். செப்டம்பரிலேயே இரையை நிறுத்திவிடும். பனி விழும் நாளில் அதைக் கரையில் வைத்தால் காலைத் தூக்கக்கூட முடியாது. நீ பிறந்ததிலிருந்து அந்தக் குளத்தின் ஓரம் இருக்கிறவன். இது தெரியாமல் எழுதவில்லை. தெரிந்தே எழுதியிருக்கிறாய், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஐந்தாம் தேதி வார்சா எண்பலகை போட்ட வெள்ளை வண்டி ஒன்று மதகு அருகே நின்றதாமே. போன வருடம் வ்லோதாவா சந்தையில் ஒரு வார்சாக்காரன் என்னிடம் வந்து, "அம்மா, ஆமை கெடைக்குமா? கண்ணாடித் தொட்டியில வளக்க ஆசப்படுறாங்க" என்று காதோடு கேட்டான். நான் விரட்டினேன். உன்னிடமும் வந்தானா?

குளம் நமக்குச் சொந்தமில்லை, அரசாங்கக் குத்தகை. ஆமைகளைக் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்கியது. விற்றாலும் சாகடித்தாலும் குத்தகை போய்விடும், உனக்கு வேறு பிழைப்பும் இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்குள் உண்மை வரவில்லை என்றால் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதுவேன். ஆமைக் காவலர் என்ற அட்டையை எனக்குக் கொடுத்தது அவர்கள்தான். தம்பி என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ப்ரோன்யா


குளத்தங்கரை, 12 டிசம்பர்

அக்கா,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. வார்டில் யாருக்கும் காட்டாதே.

வெள்ளை வண்டி மீன் வியாபாரியுடையது. தண்ணீர்த் தொட்டி வைத்த வண்டி. ஒலிம்பியா கிட்டே வந்து பார்த்திருந்தால் நாற்றத்திலேயே தெரிந்திருக்கும்.

ஐந்தாம் தேதி இரவு கடும் உறைபனி விழுந்தது. காலையில் வலைக்காரர்களுக்கு முன்னால் நான் சேற்றில் இறங்கினேன். ஆல்டர் மரத்து வேர்ப் பக்கம் காலில் கல் இடறியது. குனிந்து எடுத்தால் கல் இல்லை. கைவிட்டுத் துழாவினேன். ஒன்று, இரண்டு, நாலு. எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கிக் கிடந்தன. கால்கள் தொங்கின, கண் உள்ளே போயிருந்தது, மூக்கில் வைக்கோல் விட்டு ஆட்டினேன், ஒன்றுகூட அசையவில்லை. பதினான்கும் செத்துவிட்டன என்று நினைத்தேன்.

வலைக்காரர்கள் கொட்டகையில் தேநீரும் மற்றதும் குடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த நேரமும் வரலாம். சேற்றோடு சேர்த்து அள்ளி மூன்று சாக்கில் போட்டேன். புதைக்கலாம் என்றால் தரை இறுகிக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் குளிர்காலத்துக்கென்று உருளைக்கிழங்கைக் குவித்து வைத்த மேடு மட்டும்தான் வைக்கோலும் மண்ணும் மூடி மெத்தென்று இருந்தது. அதைக் கிளறி, கிழங்குக்கு நடுவில் சாக்குகளைத் தள்ளி மூடிவிட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

ஏன் இவ்வளவு தாமதமாக வடித்தாய் என்று கேட்பாய். ஒவ்வொரு வருடமும் நீதான் குளத்துத் தண்ணீரில் கைவிட்டுப் பார்த்து "நாளைக்குத் தூக்கு" என்பாய். இந்த வருடம் நீ அறுவை மேசையில் படுத்திருந்தாய். நீ வருவாய் வருவாய் என்று நான் காத்திருந்தேன். அக்டோபரும் போய்விட்டது. வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

இதனோடு, ஒருவரையொருவர் மன்னித்து உடைக்கிற கிறிஸ்துமஸ் அப்பம் வைத்திருக்கிறேன். நீ ஒரு துண்டு உடைத்துக்கொள். நான் இங்கே இன்னொன்றை உடைக்கிறேன்.

லுதோமிர்


லுப்ளின், 19 டிசம்பர்

லுதோமிர்,

நன்றாக அழும்படி எழுதியிருக்கிறாய். அழுதேன். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறை படித்தேன்.

நீ சொல்வது உண்மையாக இருந்தால் அவை செத்திருக்க வேண்டியதில்லை. குளிர்காலத்தில் அவற்றின் நெஞ்சு எப்போதாவதுதான் துடிக்கும். ஐந்து மாதம் தண்ணீருக்கடியில் மூக்கால் மூச்சே விடாது. வேண்டிய கொஞ்சக் காற்றைத் தோலாலும் வாலடித் துளையாலும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கண் உள்ளே போவதும் கால் தொங்குவதும் சாவுக்கு அடையாளமில்லை. ஈரச் சேற்றோடு கிழங்கு மேட்டில் வைத்தாய் என்றால், தெரியாமலேயே சரியான காரியம் செய்திருக்கிறாய். கிழங்கு உறையாத குளிரில் ஆமையும் உறையாது. உறைந்தால் மட்டும் பிழைக்காது.

ஆகையால் மேட்டைத் திறக்காதே. வெளிக் குளிர் உள்ளே போனால் ஒரு மணி நேரம் போதும். அடுப்பருகிலும் கொண்டுவராதே. விழித்துவிட்டால் குளிர்காலத்துக்கென்று சேர்த்த கொழுப்பு எரிந்துபோகும், திரும்பக் குளிரில் தூங்க வைக்கவும் முடியாது.

இப்போது மற்றதையும் கேள். நீ சொல்வது உண்மையாக இல்லை என்றால், "திறக்காதே" என்று நான் சொன்னதைவிட உனக்கு வசதியான வார்த்தை உலகத்தில் இல்லை. ஏப்ரல் வரை யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஏப்ரலில் "ஐயோ அக்கா, எலி தின்றுவிட்டது" என்பாய். திருடனுக்கு இப்படி ஒரு பெட்டி கிடைத்தால் விடுவானா?

அப்பத்தை உடைக்கவில்லை. அலுவலகத்துக்கு எழுதிய புகாரையும் இன்னும் அனுப்பவில்லை. இரண்டும் மேசை இழுப்பறைக்குள் கிடக்கின்றன.

ப்ரோன்யா


குளத்தங்கரை, 2 ஜனவரி 1994

அக்கா,

உன் கடிதம் விடுமுறை முடிந்து நேற்று முன்தினம்தான் வந்தது. அதற்குள் நான் ஒன்றைத் திறந்துவிட்டேன். கத்தாதே, முழுக்கக் கேள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கிழங்கு எடுக்க ஓரத்தில் கைவிட்டேன். ஒரு சாக்கின் வாய் கையில் பட்டது. பண்டிகை நாளில் மனசு கேட்கவில்லை. ஒன்றையாவது முறையாகப் புதைப்போம் என்று எடுத்து வந்து அடுப்போரம் வைத்தேன். மாலை முதல் நட்சத்திரம் தெரிந்ததும் தனியாக உட்கார்ந்து பீட்ரூட் சாறு குடித்தேன். எதிர்பாராத விருந்தாளிக்கென்று வழக்கம்போல ஒரு தட்டும் நாற்காலியும் போட்டிருந்தேன். நாற்காலி அடியில் தட்டென்று சத்தம். குனிந்தால் ஏழாம் எண் நிற்கிறது. ஓட்டு விளிம்பில் ஏழுக்கென்று நீ வெட்டிய இரண்டு குறி. கழுத்தை நீட்டி என்னைப் பார்க்கிறது.

கையிலிருந்த கரண்டி விழுந்தது. முப்பது வருடத்தில் அந்தத் தட்டுக்கு வந்த முதல் விருந்தாளி இதுதான். அந்த இரவில் மிருகங்கள் பேசும் என்பார்களே, நானும் காத்திருந்தேன். பேசியிருந்தால் உன்னிடம் சாட்சி சொல்ல அனுப்பியிருப்பேன். இப்போது வாளியில் வெந்நீர் கலந்து வைத்திருக்கிறேன். கெண்டையைப் பொடியாக நறுக்கிப் போட்டால் தின்கிறது.

ஏழாம் எண் உயிரோடிருந்தால் மற்ற பதின்மூன்றும் உயிரோடிருக்கும். மேட்டின் மேல் இன்னும் இரண்டு வண்டி வைக்கோல் போட்டுவிட்டேன். தினமும் போய்ப் பக்கத்தில் நிற்கிறேன், வேறு என்ன செய்வது? நீ என்னை ஏசு, எதையும் சொல். திருடன் என்று மட்டும் எழுதாதே. அந்தச் சொல்லைப் படித்த அன்று சாப்பிடவில்லை.

லுதோமிர்


லுப்ளின், 11 ஜனவரி

லுதோமிர்,

ஏழாம் எண்ணை வசந்தம் வரை விழித்தபடியே வைத்திரு. தண்ணீரைத் தினமும் மாற்று. வெயில் படும் ஜன்னலில் ஒரு பலகை போட்டு வை.

ஓர் ஆமை சமையலறையில் நடந்தால் ஓர் ஆமை இருக்கிறது என்று அர்த்தம். பதின்மூன்று இருப்பதாக அர்த்தமில்லை. காட்டுவதற்கென்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கலாம். அந்த ஏழின் கதையை நீ இவ்வளவு அழகாக எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன்.

நான் மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்றவள். சீட்டைப் பார்க்காமல் யாருக்கும் மாத்திரை கொடுத்ததில்லை, கூடப்பிறந்தவர்களுக்கும். என் குணம் இது. ஏப்ரல் வரை பொறுத்திருக்க முயல்கிறேன்.

ப்ரோன்யா


குளத்தங்கரை, 28 ஜனவரி

பொறுத்திருக்க முயல்கிறேன் என்று எனக்கு எழுதிய அதே கையால் ஒலிம்பியாவின் புருஷன் சாவ்சுக்குக்கும் எழுதியிருக்கிறாய்.

புதன்கிழமை நான் ஆழக்குட்டையில் பனிக்கட்டியைத் துளைத்து, மீனுக்குக் காற்றுப் போக நாணல் கட்டு நட்டுக்கொண்டிருந்தேன். திரும்பினால் கிழங்கு மேட்டில் சாவ்சுக் கடப்பாரையோடு நிற்கிறான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது. ஓடி வருவதற்குள் ஒரு பக்கம் முழுவதும் திறந்துவிட்டான். ஒலிம்பியா பனியில் தார்ப்பாயை விரித்து, கையில் உன் பட்டியலோடு நிற்கிறாள்.

"மூடுங்கய்யா, செத்துடும்" என்று கையைப் பிடித்தேன். சாவ்சுக் என்னைத் தள்ளினான். "ஒன் அக்கா எழுதிக் குடுத்திருக்காங்க. ஒன்னும் இல்லன்னா ஏன் பதறுற?" என்றான். ஒலிம்பியாவின் மூக்குக் கண்ணாடியில் மூச்சு படிந்து படிந்து எண் தெரியவில்லை. துடைத்துத் துடைத்துப் படித்தாள். "ஒம்போது எங்க, காட்டுங்க. இது ஆறா ஒம்போதா? இன்னொரு தடவ திருப்புங்க" என்று சேற்றைச் சுரண்டிச் சுரண்டிக் குறி பார்த்தாள். பதின்மூன்றையும் வரிசையாகப் படுக்க வைத்து எண்ணி முடிக்க முக்கால் மணி நேரம். நான் என் கோட்டைக் கழற்றி மேலே போட்டேன், அது எத்தனையை மூடும்?

எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்றும் விற்கப்படவில்லை. இருவரும் தேதி, நேரம், எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை இதனோடு வைத்திருக்கிறேன். நீ சீட்டுக் கேட்டாய், இந்தா சீட்டு.

லுதோமிர்


லுப்ளின், 3 பிப்ரவரி

தம்பி,

பனி இளகும் நாளில், ஒரு முழங்கை நுழையும் அளவு மட்டும் திறந்து, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கத்தான் சாவ்சுக்குக்கு எழுதினேன். ஆனால் எண்களின் பட்டியலையும் அதே உறையில் நான்தான் வைத்தேன். பட்டியலைக் கையில் கொடுத்தால் வெளியே எடுத்துத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு உறுதி வேண்டியிருந்தது. மற்றதை யோசிக்க நான் விரும்பவில்லை.

தார்ப்பாய்க்கு அடியில் வைக்கோல் இருந்ததா, வெறும் பனியா? திரும்ப மூடியபோது சேறு ஈரமாக இருந்ததா, இறுகியிருந்ததா? எதன் காலாவது குச்சி போல விறைத்திருந்ததா? உடனே எழுது.

ப்ரோன்யா


லுப்ளின், 6 மார்ச்

தம்பி,

நான்கு கடிதம் போட்டுவிட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. நீ வேண்டுமென்றே என்னைத் தவிக்க விடுகிறாய் என்று முதலில் நினைத்தேன். பார், இப்போதுகூட எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

ஊன்றுகோலோடு நடைவழியின் கோடி வரை போய்வருகிறேன். அலுவலகத்துக்கு எழுதி வைத்திருந்த புகாரைக் கிழித்துவிட்டேன். அப்பத்தை உடைத்துத் தின்றேன். காய்ந்து காகிதமாக இருந்தது. அவை எப்படி இருக்கின்றன என்று மட்டும் ஒரு வரி எழுது.

ப்ரோன்யா


குளத்தங்கரை, 17 ஏப்ரல்

அக்கா,

எனக்கே தெரியாததை எப்படி எழுதுவது? திறக்காதே என்று நீயே முன்பு எழுதியிருந்தாய். அதனால் பேசாமல் இருந்தேன்.

ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை வெயில் நன்றாக அடித்தது. மேட்டைப் பிரித்து, எல்லாவற்றையும் ஆழக்குட்டைக் கரையில் வைத்தேன், ஏழாம் எண்ணையும் சேர்த்து. மத்தியானத்துக்குள் ஏழாம் எண் தண்ணீருக்குள் போய்விட்டது. பிறகு ஒவ்வொன்றாகக் கழுத்து வெளியே வந்தது. மூன்று நாள் காத்திருந்தேன். மொத்தம் ஒன்பது தண்ணீருக்குள் போயின. ஐந்து போகவில்லை. மேட்டில் சாவ்சுக் திறந்த பக்கம் கிடந்த ஐந்தும்தான். வெந்நீர் வைத்தேன், கோட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு அழுகல் வாடை வந்தது, அப்போதுதான் விட்டேன்.

வசந்தகாலக் கணக்குக்கு அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். நவம்பரில் வடித்ததை ஒப்புக்கொண்டேன். அதற்கு அவ்வளவு கோபமில்லை. "கெழங்கு மேட்ல வெச்சீங்களா? பரவால்லயே, எங்களுக்கே தோணியிருக்காது" என்று சிரிக்கக்கூடச் செய்தார். அப்புறம் ஐந்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுங்க குளிர் பட்டுச் செத்திருக்கு. நடுவுல யாரு தொறந்தது?" என்றார்.

நான்தான் திறந்தேன் என்றேன். ஜனவரியில், சும்மா பார்க்கலாம் என்று. உன் பெயரைச் சொன்னால் உன் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். பத்தொன்பது வருடம் நீ தண்ணீரில் நின்றதற்கு வேறு என்ன இருக்கிறது உனக்கு? சாவ்சுக்கும் வாயைத் திறக்க மாட்டான். அதற்காகக் குத்தகை அக்டோபரோடு முடிகிறது. வலைகளை விற்க ஆள் பார்க்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபமாக இல்லை. நான்தான் திறந்தேன் என்றதும் அவர் மறுகேள்வி கேட்கவில்லை, உடனே நம்பிவிட்டார். டிசம்பரிலிருந்து உனக்கு உண்மையை எழுதி எழுதிப் பார்த்தேன். அவரிடம் பொய்யை ஒரே தடவைதான் சொன்னேன்.

ஐந்தையும் இன்னும் புதைக்கவில்லை. நீ வந்து எண்ணிப் பார்க்க நினைப்பாய் என்று கொட்டகையில் வைத்திருக்கிறேன்.

லுதோமிர்


லுப்ளின், 20 ஏப்ரல்

தம்பி,

சாவ்சுக்கும் ஒலிம்பியாவும் கையெழுத்துப் போட்ட காகிதம் என்னிடம்தான் இருந்தது. அதையும், திறக்கச் சொன்னது நான் என்ற கடிதத்தையும், காவலர் அட்டையையும் ஒரே உறையில் வைத்து இன்று காலை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். குத்தகையைத் திரும்பக் கொடுப்பார்களா தெரியாது. கொடுக்கும் வரை அவர்கள் வாசலில் உட்காருவேன், ஊன்றுகோல் இருக்கிறது. வலைகளை விற்காதே.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானப் பேருந்தில் வருகிறேன். நிறுத்தத்துக்கு வந்து நில், இறங்கும்போது ஒரு கை வேண்டும்.

ஐந்தையும் நான் வருவதற்கு முன்பே புதைத்துவிடு. நீ ஐந்து என்று எழுதியிருக்கிறாய். நான் எண்ண வரவில்லை.

ப்ரோன்யா